ஓர் அடி குறையும் படகு

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் கைகளைச் சந்தேகப்பட்டார்கள். பாஸ்போர்ட், விசா, முகம் எல்லாம் சரியாக இருந்தன. விரல்களைக் கண்ணாடியில் வைத்தபோது இயந்திரம் மூன்று முறை ஏற்க மறுத்தது. முப்பது வருடம் கேஸ் டார்ச் பிடித்த கை; அதில் ரேகை என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

“எதற்காக வந்தீர்கள்?” என்று கேட்டார் அந்தப் பெண் அதிகாரி.

“ஒரு பழைய படகைப் பார்க்க.”

“என்ன படகு?”

சுற்றுலா என்று சொல்லியிருக்கலாம். ரஷ்ய ஏவுகணைப் படகு என்று சொன்னேன். அவர் எழுந்து போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். நம் ஊர்ப் போலீசார் கத்திக் கேட்பதை இவர்கள் மெதுவாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

வெளியே அன்ரன் காத்திருந்தான். மன்னார்க்காரன். ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏஜெண்டுக்காக அவன் ஒரு வருடம் மும்பையில் காத்துக் கிடந்தபோது, தாராவியில் எட்டுப் பேர் தங்கிய ஓர் அறையில் என் பக்கத்துப் பாய் அவனுடையது. நான் தூத்துக்குடியிலிருந்து எட்டாம் வகுப்போடு ஓடிவந்து கப்பல் உடைக்கும் யார்டில் சேர்ந்திருந்தேன். அவன் போய்விட்டான். பிறகு எப்போதாவது ஒரு போன். அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம். நேரில் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இப்போது அவன் ஒஸ்லோ கடற்கழியோரம் ஒரு சின்னப் படகு யார்டில் வெல்டர். அங்கே ஒரு சோவியத் ஏவுகணைப் படகு உடைப்பதற்கு வந்திருக்கிறது. அந்த வகைப் படகில் இரண்டை நான் மும்பையில் வெட்டியிருக்கிறேன். வந்து பார்த்து, உள்ளே இறங்கி வெட்டலாம் என்று நான் சொல்ல வேண்டும். டிக்கெட் யார்டுக்காரர் செலவு. நான் ‘சரி’ என்றால் திங்கட்கிழமை காலை அன்ரன் டார்ச்சோடு உள்ளே இறங்குவான்.

“உங்க ஊர்ல இதைச் சொல்ல ஆளே இல்லையாடே?” என்று கேட்டேன்.

“இருக்கினம் மச்சான். நீ வா, குளிருது” என்றான். மேலே கேட்க விடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அங்கேயே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில், ஒன்பதாவது மாடியில் வீடு. அவன் மனைவி றெஜினா கதவைத் திறந்து, முதலில் என் காலைப் பார்த்தார். மார்ச் மாதத்துச் சேற்றுப் பனியில் என் ரப்பர் ஷூ ஊறிப் போயிருந்தது. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தேன். புட்டும், கொட் மீன் குழம்பும், தேங்காய்ச் சம்பலும் வைத்தார். அந்த மீனுக்கு வாசனை கிடையாது, முள்ளும் கிடையாது. குழம்பில்தான் மீன் என்று தெரிந்தது. கை நிறையப் பரிமாறினார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

“தூத்துக்குடியோ? அப்ப நேவியிலை இருந்தனீங்களோ?”

“இல்லைங்க. நேவி வேண்டாம்னு தூக்கிப்போட்ட படகை வெட்டுனவன்.”

“அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவினம்” என்றபடி இன்னும் ஒரு கரண்டி சம்பல் வைத்தார்.

சோபாவில் படுக்கை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அடுப்படியில் பேசினார்கள். “உந்த மனுசன் ஆர் எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ? முப்பது வருசம் காணாத ஆள். இந்தியாவிலை இருந்து வாறார், போர்க்கப்பல் பாக்க வாறார். எங்கடை கடலிலை அவை செய்ததெல்லாம் காணாதெண்டோ?” அன்ரன் சொன்னது கேட்கவில்லை. அவன் தாராவி நாளிலிருந்தே வாய்க்குள் பேசுகிறவன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மெட்ரோவில் போனோம். டிக்கெட் பார்க்கும் கதவே இல்லை. யார் வேண்டுமானாலும் ஏறலாம். கதவு இல்லாத இடத்தில் எங்கோ ஒரு கண் இருக்கும் என்பது என் அனுபவம். பெட்டி நிறையக் கூட்டம், ஒருவரும் பேசவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றார்கள். அன்ரனிடம் கேட்டேன், என்னிடம் ஏதாவது நாறுகிறதா என்று. “எல்லாருக்கும் இப்பிடித்தான். கவலைப்படாதை” என்றான்.

யார்டில் படகைப் பார்த்ததும், பழைய பங்காளியைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தப் படகுகளின் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். மும்பையில் ஓய்வு பெற்ற ஒரு நேவி மெக்கானிக் டீக்கடையில் சொன்னது. ரஷ்யாக்காரர்கள் முதலில் ஒரு மரத்தாலான டார்பிடோ படகை எடுத்து, டார்பிடோவைக் கழற்றிவிட்டு இரண்டு ஏவுகணைகளைப் பின்பக்கம் ஏற்றினார்கள். சின்னப் படகு பெரிய கப்பலை, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்தே அடிக்கலாம். அதுவரை உலகத்தில் யாரும் செய்யாதது. எதிர்த் தரப்பு அதற்குக் கொசு என்று பெயர் வைத்தது. ஆனால் அலை கொஞ்சம் எழும்பினால் கொசு தாங்கவில்லை. அடுத்து இரும்பு உடம்போடு பெரிதாக ஒன்று கட்டினார்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஏவுகணைப் பெட்டிகள். அதற்குப் பெயர் குளவி. நம் நேவியும் வாங்கியது. எழுபத்தொன்றில் கராச்சிப் பக்கம் அடித்தவை அவைதான். பாதித் தூரம் பெரிய கப்பலில் கட்டி இழுத்துப் போனார்களாம். ஓடினால் பேய் வேகம், ஆனால் எண்ணெயையும் என்ஜினின் ஆயுளையும் குடித்துவிடும். ஒரு என்ஜினில் நாற்பத்திரண்டு சிலிண்டர்கள், பூ விரிந்த மாதிரி சுற்றிச் சுற்றி. அப்படி மூன்று என்ஜின்.

யார்டில் கிடந்தது ஒரு குளவி. ஏவுகணைப் பெட்டிகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அவை உட்கார்ந்த கால்களின் தழும்பு மட்டும் தளத்தில் இருந்தது. மேற்கட்டு அலுமினியம், அடி உடம்பு இரும்பு. இரண்டையும் வெல்டிங்கில் சேர்க்க முடியாது என்பதால் வரிசையாக ரிவெட் அடித்திருப்பார்கள். கேஸ் டார்ச்சுக்கு அலுமினியம் மசியாது, உருகி வழியுமே தவிர வெட்டுப்படாது. முதல் படகில் அது தெரியாமல் இரண்டு நாள் வீணடித்தவன் நான். மேற்கட்டின் ஓரமெல்லாம் உருண்டையாக இருக்கும், ஒரு ஜன்னல் கிடையாது. அணுகுண்டுத் தூசி விழுந்தால் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம், உள்ளே ஒரு மூச்சு வெளிக்காற்று வராது, அப்படிக் கட்டியது. கதவை அடைத்தால் டப்பாவுக்கு மூடி போட்டது போல.

யார்டு மேலாளர் பெயர் ரூனே. ஆறடிக்கு மேல், வெளுத்த தாடி. என்னைக் கண்டதும் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார். பிறகு போனில் என்னை ஒரு படம் எடுத்தார். யாரையோ கூப்பிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிறகுதான் கை கொடுத்தார். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை தந்தார். அதில் என் பெயரும் அதன் கீழ் ஒரு சொல்லும். என்ன சொல் என்று கேட்டேன். அன்ரன், “உது சும்மா, விசிட்டர் எண்டு” என்றான்.

வரைபடத்தை ஒரு நிமிடம் காட்டினார்கள். மாலுமிகள் இருந்த நடு அறை, அதன் பின் ஒரு தடுப்புச் சுவர், அந்தச் சுவருக்குப் பின் என்ஜின் அறை. அறைகளில் வட்ட வட்டமாகக் குறி. வால்வு என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தடுப்புச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டி, அதன் வழியே என்ஜின் துண்டுகளை வெளியே எடுப்பது திட்டம். இரண்டு அறைகளிலும் ஒரு வாரமாகக் காற்று ஊதியாகிவிட்டது, கருவி வைத்து அளந்தாகிவிட்டது. காகிதத்தில் கையெழுத்துத்தான் பாக்கி. ரூனே பேனாவை நீட்டினார்.

“நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்றேன்.

எங்கள் யார்டுக்கு எந்தக் கப்பலோடும் வரைபடம் வந்ததில்லை. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன் மேல்தளத்தில் அடி எண்ணி நடப்போம். அதே தூரத்தைக் கீழேயும் எண்ணி நடப்போம். நான் மேலே நடந்தேன்: நடு அறைக்கு இறங்கும் வாயிலிலிருந்து என்ஜின் அறைக்கு இறங்கும் வாயில் வரை பதினோர் அடி. கீழே இறங்கினேன். நடு அறையில் வாயிலுக்கு நேர் கீழிருந்து சுவர் வரை ஆறு. அந்தப் பக்கம் சுவரிலிருந்து என்ஜின் அறை வாயில் வரை நான்கு.

ஓர் அடி குறைந்தது.

திரும்பிப் பார்த்தால் ரூனே வாயிலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தளத்தில் வழுக்கும் என்று மேலே என் அடி குறுகியிருக்கலாம். இல்லையென்றால் அந்தச் சுவருக்குள் எதையோ வைத்திருக்கிறார்கள், இவருக்கு அது தெரியும். ஏன் வரைபடத்தை மூட வேண்டும்?

சனிக்கிழமை அன்ரன் வேலைக்குப் போய்விட்டான். றெஜினா காப்பியோடு, ரொட்டியில் மண்ணிறச் சீஸ் சீவி வைத்தார். பால்கோவாவை உப்புப் போட்டுக் கிண்டிய மாதிரி ஒரு சுவை. தின்றுகொண்டே, சட்டைப் பையிலிருந்த அட்டையை நீட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

அவர் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். எதிரே உட்கார்ந்தார்.

“இஞ்சினியர் எண்டு கிடக்கு. அன்ரன் எனக்குச் சொன்னவர் நீங்கள் இரும்பு வெட்டுறவர் எண்டு. நேவி இல்லை எண்டுறியள். எது பொய்?”

“அட்டைதான் பொய். நான் எட்டாம் கிளாஸ்.”

“அப்ப ஆர் எழுதினது?”

“உங்க வீட்டுக்காரர்கிட்டத்தான் கேக்கணும்.”

சாயங்காலம் அன்ரன் வந்தவுடன், ஜாக்கெட்டைக் கழற்றவிடாமல் றெஜினா கேட்டார். அன்ரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

“நான் ரெண்டு கிழமைக்கு முன்னமே ரூனேக்குச் சொன்னனான். உந்தச் சுவரிலை தட்டினால் சத்தம் சரியில்லை எண்டு. ‘பேப்பர்லை இருக்கு, அளந்தாச்சு, நீ வெல்டர்’ எண்டிட்டான். இருவத்தாறு வருசமா அங்கை வேலை செய்யிறன், நான் வெல்டர்தான். வெளியிலையிருந்து ஒரு இஞ்சினியர் வந்து சொன்னால் கேப்பான் எண்டு நினைச்சன்.”

“அதை என்கிட்டச் சொல்றதுக்கு என்னடே?”

“சொன்னால் நீ வந்திருக்க மாட்டாய்.”

உண்மைதான். பொய்ச் சான்றிதழுக்கு ஒரு தரம் ஜெயிலில் இருந்தவன் நான். ஆனால் இப்போதுதான் விஷயம் தெளிவாகியது. ‘சரி’ சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. ‘வேண்டாம்’ சொல்லக் கூப்பிட்டிருக்கிறான். அதையும் நானாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டிருந்தால்? அவனிடம் கேட்டேன். “நீ போட மாட்டாய் எண்டு நம்பினனான்” என்றான். இப்படிப்பட்ட நம்பிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹொல்ம்லியாவில் றெஜினாவின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவர்கள் சாமானோடு காரில் போனார்கள், காரில் இடமில்லை. எனக்கு லோக்கல் ரயில். எத்தனையாவது நிறுத்தம் என்று அன்ரன் எண்ணிச் சொன்னான். நான் ஒன்று முன்னதாக, ஹவுகெட்டோவில் இறங்கிவிட்டேன். எந்த ஸ்டேஷனும் ஒரே சாம்பல் நிறம். அடுத்த ரயிலுக்கு அரை மணி. பிளாட்பாரத்தில் ஒரு கிழவரும் நாயும் மட்டும். குளிரில் நின்றால் கால் விறைக்கும் என்று நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் எண்ணுவேன், அது என் வியாதி.

விளக்குக் கம்பத்திலிருந்து கடிகாரம் வரை இருபத்தெட்டு அடி. திரும்பி வந்தேன், இருபத்தெட்டு. வேகமாக நடந்தேன், மெதுவாக நடந்தேன், நனைந்த ஷூவோடு பத்துத் தடவை. இருபத்தெட்டுத்தான். என் அடி குறுகவில்லை.

அங்கே நின்றபோது முருகேசன் நினைப்பு வந்தது. இரண்டாவது படகு வெட்டும்போது என்னோடு இருந்தவன், கோவில்பட்டிக்காரன். அந்தப் படகிலும் எண்ணெய்த் தொட்டிக்கும் மாலுமி அறைக்கும் நடுவில் ஒரு குறுகிய வெற்றறை இருந்தது, எண்ணெய் கசிந்தாலும் ஆள் இருக்கும் இடத்துக்கு வராதபடி. தரைக்கு அடியில் அதற்கு ஒரு மூடி. எந்த அறையைத் திறந்தாலும் டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று மூடியைத் திறந்து நான்தான் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் இல்லை, நாற்றம் இல்லை, வெறும் துரு. இவ்வளவு சுத்தமான அறைக்கு மெழுகுவர்த்தி எதற்கு? “சரி, எறங்கு” என்றேன். இரண்டு படி இறங்கியவன் அப்படியே விழுந்தான். கூப்பிடக்கூட இல்லை. வருடக்கணக்காக அடைத்துக் கிடந்த இரும்பு, துருப்பிடித்துத் துருப்பிடித்து உள்ளே இருந்த மூச்சுக் காற்றையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. அதைப் பிறகு வந்த டாக்டர் சொன்னார்.

ரயில் வந்தது. ஏறியதும் டிக்கெட் பரிசோதகர்கள். என் டிக்கெட்டின் நேரம் முடிந்திருந்தது. கிழவர் எழுந்து அவர்களிடம் ஏதோ சொன்னார். என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “நீங்கள் வழி தெரியாதவர், ஸ்டேஷனை அளந்துகொண்டிருந்தீர்கள் என்று சொன்னேன்” என்றார்.

ஹொல்ம்லியாவில் நண்டுக் குழம்பு. றெஜினாவின் அண்ணன் சேவியர் பஸ் ஓட்டுபவர். என் தட்டில் பெரிய நண்டை வைத்துவிட்டுத் தொடங்கினார்.

“இந்தியன்ரை உளவுக்காரர், உந்த றோ ஆக்கள் இப்பிடித்தான் வருவினம். கிழிஞ்ச சப்பாத்தோடை.”

“சப்பாத்து நல்லா இருந்தா சந்தேகப்பட மாட்டீங்களா?”

“அப்ப இன்னும் கூடச் சந்தேகப்படுவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை. அவருக்கு இப்போது வேறு கவலை. “நாளைக்கு என்ன சொல்லப் போறியள்?” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ரூனேயின் மேசையில் அட்டையைக் கழற்றி வைத்தேன். அன்ரனிடம், நான் சொல்வதை அப்படியே சொல் என்றேன். நான் இஞ்சினியர் இல்லை. எட்டாம் வகுப்பு. இரண்டு படகு வெட்டியிருக்கிறேன். அந்தச் சுவர் ஒரு சுவர் இல்லை, இரண்டு. நடுவில் ஓர் அடி.

அன்ரன் பாதி சொல்லும்போதே ரூனேயின் முகம் சிவந்தது. அவர் என்னிடம் பேசவில்லை. அவனிடம்தான் பேசினார், சத்தம் உயர்த்தாமல். அன்ரன் எனக்குத் திருப்பிச் சொன்னான்: “ரஷ்யச் சாமான் எதையோ தேடி வந்தவன் எண்டு முதல் நாளே நினைச்சவராம். சுவருக்குள்ளை என்ன இருக்கெண்டு உனக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறார். நான் பொய் சொன்னதுக்கு வீட்டை போகலாமாம்.”

நானும் அவரும் ஒரே சுவரைப் பார்த்து ஒருவரையொருவர் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

“வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளக்கச் சொல்லு.”

ரூனே டேப்பை எடுத்துக்கொண்டு அவரே போனார். மேலே அளந்தார். கீழே அளந்தார். மறுபடி மேலே. திரும்பி வந்து வரைபடத்தை முழுவதுமாக விரித்தார். மூலையில் இருந்த எழுத்தை அன்ரன் வாசித்தான். இந்தப் படகு கொஞ்ச காலம் மிதக்கும் உணவகமாக இருந்ததாம். இது அவர்கள் வரைந்தது. நான் வால்வு என்று நினைத்த வட்டங்கள் மேசைகள். எங்கே ஆள் உட்காரலாம் என்று அளந்திருக்கிறார்கள். உட்கார முடியாத இடத்தை விட்டுவிட்டு, அதன் மூடிக்கு மேலே பலகைத் தரை போட்டிருக்கிறார்கள்.

பலகையைப் பெயர்த்தோம். மூடி இருந்தது. நான் திறக்க விடவில்லை. தீப்பொறி பறக்காத கைத் துளைப்பானால், எண்ணெய் விட்டு விட்டு, ஒரு சிறு துளை போட்டார்கள். அளக்கும் கருவியின் குழாயை உள்ளே விட்டார்கள். மூச்சுக்கான காற்று நூற்றுக்கு இருபத்தொன்றாக இருக்க வேண்டும். பதினைந்து, பதினொன்று, ஏழு. கருவி கத்தத் தொடங்கியது. நாலில் நின்றது.

அன்ரன் கையுறையைக் கழற்றினான். அன்று எட்டு மணிக்கு அந்தச் சுவரில் தலை நுழையும் அளவு வெட்டி, தலையை விட்டிருக்க வேண்டியவன். ரூனே அவனைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை, அவனும் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு நாள் காற்று ஊதி, புதன்கிழமை திறந்தார்கள். யார்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். துப்பாக்கி என்றான் ஒருவன், வோட்கா என்றான் இன்னொருவன். ரூனே விளக்கைப் பிடித்துக் குனிந்தார். நாலு பக்கமும் செந்துரு. வேறொன்றும் இல்லை. “ஒரு போத்தல்கூட இல்லை” என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

அன்று காலை றெஜினா இடியப்பம் கட்டிக் கொடுத்திருந்தார். “அண்ணை, பழைய சப்பாத்தைப் போட்டிட்டன். இதைப் போடுங்கோ” என்று அன்ரனின் பூட்ஸை வாசலில் வைத்திருந்தார். அதுவரை அவர் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரை அங்குலம் பெரிது. காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ரூனே புதிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். படகை இனி எந்த வரிசையில் வெட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அன்ரன் கணினியில் எழுதினான். கடைசியில் சொன்னவரின் பெயர், அதன் கீழே தகுதி என்று ஓர் இடம். அங்கே கையை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

“எட்டாம் வகுப்பு” என்றேன். எழுதினான்.

“வெட்டின படகு ரெண்டு.” எழுதினான்.

“செத்தவன் ஒருத்தன். முருகேசன்.”

அன்ரன் எழுதவில்லை. ரூனே என்னவென்று கேட்டார். அவன் சொன்னான். அவர் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதையும் போடவோ?” என்றான் அன்ரன்.

“போடு” என்றேன். முருகேசனின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.